கம்பைலரைக் கட்ட இன்னொரு கம்பைலர்

எங்கள் ஆபீஸ் சர்வரில் ஓடுவது சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸ். 2024 ஜூன் 30ஆம் தேதியோடு அதற்கு ஆதரவு முடிந்துவிட்டது. அது எனக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். ஆனால் பில் போடுகிற மென்பொருளை எழுதிக் கொடுத்தவர்கள், இதைவிட்டு வேறு எதில் ஏற்றினாலும் நாங்கள் பொறுப்பில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். ராஜாஜி சாலையில் சரக்கு கிளியரிங் வேலை பார்க்கும் ஆபீஸுக்கு பில் நின்றால் எல்லாம் நின்றது மாதிரி. அதனால் அந்தப் பெட்டியை யாரும் தொடுவதில்லை.

இந்த நிலைமையில், கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவன் கன்டெய்னர் லிஸ்ட்டுகளை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டு வந்தான். நல்ல புரோகிராம்தான். ஆனால் எழுதியது சி ப்ளஸ் ப்ளஸ் மொழியின் புதுப் பதிப்பான 23இல். மேலே வழக்கமாக வரிசையாக வரும் ஹெடர் வரிகள் எதுவும் இல்லை, மொழியின் நூலகம் முழுவதையும் ஒரே அடியாக அழைக்கும் "இம்போர்ட் எஸ்டிடி" என்று ஒரே வரி. எழுதிய புரோகிராமை, அதாவது சோர்ஸை, மெஷின் ஓட்டக்கூடிய ஃபைலாக மாற்றிக் கொடுப்பது கம்பைலர். சர்வரில் இருக்கும் கம்பைலரோ ஜிசிசி 4.8.5. 4.8 வரிசை தொடங்கியதே 2013இல். சி ப்ளஸ் ப்ளஸ் 14 கூட அதற்கு முழுசாகத் தெரியாது.

"அக்கா, என் லேப்டாப்லயே கம்பைல் பண்ணி ஃபைலை மட்டும் காப்பி பண்ணிடலாமே?" என்று கேட்டான். எல்லோரும் முதலில் கேட்கிற கேள்விதான். அப்படிச் செய்தால் சர்வரில் "ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை" என்று வந்து நிற்கும். லினக்ஸில் கிட்டத்தட்ட எல்லாப் புரோகிராமுக்கும் அடியில் இருக்கிற சி நூலகம், அதாவது புரோகிராம்கள் கூப்பிட்டுக்கொள்ளும் ஃபங்ஷன்களின் தொகுப்பு, அதுதான் ஜிலிப்சி. அதில் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஒரு பதிப்பு முத்திரை உண்டு. பழைய ஜிலிப்சியில் கம்பைல் செய்தது புதிதில் ஓடும். புதிதில் செய்தது பழையதில் பெரும்பாலும் ஓடாது. 2.34இல் புரோகிராம் தொடங்குகிற வாசல் ஃபங்ஷனுக்கே முத்திரை மாறிவிட்டது. ஆகவே அதற்குப் பின்னால் வந்த எந்த மெஷினில் கம்பைல் செய்தாலும், ஒன்றுமே செய்யாத வெற்று மெயின் கூட 2.34ஐக் கேட்கும். சென்ட்ஓஎஸ் 7இல் இருப்பது 2.17. நேரான வழி, பழைய சிஸ்டத்திலேயே புதுக் கம்பைலர் வேண்டும். டெவ்டூல்செட் என்று தயார் நிலையில் ஒன்று உண்டு, ஆனால் அதில் எந்தப் பதிப்பை எடுத்தாலும் இந்த இம்போர்ட் சமாச்சாரம் வராது. அது வருவது ஜிசிசி 15இல், அதுவும் பரிசோதனை நிலையில். தம்பியிடம் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு பழைய மாதிரி ஹெடர் போடச் சொல்லியிருந்தால் ஜிசிசி 14இலேயே முடிந்திருக்கும். சொல்லவில்லை. எனக்கும் ஆசை வந்துவிட்டது.

ஜிசிசி 15ஐக் கட்டுவதற்கான குறிப்புப் பக்கத்தைத் திறந்தால் முதல் பத்திகளிலேயே சிக்கல். ஜிசிசி 4.7 வரைக்கும் அதைக் கட்ட ஒரு சி கம்பைலர் இருந்தால் போதும். 4.8இல் இருந்து சி ப்ளஸ் ப்ளஸ் கம்பைலர் கேட்கும். அப்புறம் சி ப்ளஸ் ப்ளஸ் 11 கேட்டார்கள். அது வரை நம்முடைய 4.8.5 தாக்குப்பிடிக்கும். 15இல் இருந்து சி ப்ளஸ் ப்ளஸ் 14 தெரிந்த கம்பைலர் வேண்டும், அதாவது குறைந்தது ஜிசிசி 5.4. ஆக 4.8.5இல் இருந்து 15க்கு நேராகத் தாவ முடியாது. நடுவில் ஒரு படி வேண்டும். அந்தப் படிக்கு 9.5ஐ எடுத்துக்கொள்ளலாம் என்று அவர்களே பரிந்துரைக்கிறார்கள். 4.8.5ஐ வைத்து 9.5, 9.5ஐ வைத்து 15. சரி, ஏணி தெரிந்துவிட்டது.

கட்டுமானம் முழுக்க வீட்டில்தான் நடந்தது. தண்டையார்பேட்டையில் என் டெஸ்க்டாப்பில் அதே சென்ட்ஓஎஸ் 7ஐ ஒரு விர்ச்சுவல் மெஷினாக, கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டராக, ஏற்றிக்கொண்டேன். அதில் பேக்கேஜ்களை இறக்கி ஏற்றும் யம் அப்படியே வேலை செய்யாது. பழைய மிரர் பட்டியல் முகவரியை எடுத்துவிட்டார்கள். ரெப்போ ஃபைல்களில் மிரர்லிஸ்ட் வரியை மறைத்து, முகவரியை வால்ட் என்று இருக்கும் பழஞ்சரக்குக் கிடங்குக்கு மாற்றினால் பேக்கேஜ்கள் வரும். ஜிசிசி சி ப்ளஸ் ப்ளஸ், மேக், டபிள்யூகெட், பிஜிப்2. இந்த பிஜிப்2வை மறக்காதீர்கள். மினிமல் இன்ஸ்டாலில் அது இருக்காது. அது இல்லாமல் அடுத்த படியில், சுருக்கி வைத்த ஃபைல்களைப் பிரிக்கும் டார் கோபித்துக்கொள்ளும்.

அடுத்த படி என்பது ஜிசிசி சாய்ந்து நிற்கிற கணித நூலகங்கள். பெரிய முழு எண்களுக்கு ஜிஎம்பி, துல்லியமான தசமங்களுக்கு எம்பிஎஃப்ஆர், கலப்பெண்களுக்கு எம்பிசி. கம்பைலர் உங்கள் கோடில் இருக்கும் மாறிலிக் கணக்குகளைத் தானே முன்கூட்டிப் போட்டு வைக்கும், அதற்குத்தான் இவை. இவற்றைத் தனித்தனியாகக் கட்டி ஒன்றை இன்னொன்றுக்குக் காட்டி மல்லுக்கட்ட வேண்டாம். ஜிசிசி சோர்ஸுக்குள் கான்ட்ரிப் ஃபோல்டரில் டவுன்லோட் ப்ரீரெக்விசிட்ஸ் என்று ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. சோர்ஸின் மேல்மட்டத்தில் நின்றுகொண்டு அதை ஓட்டினால், சரியான பதிப்புகளை இறக்கி, செக்சம் பார்த்து, சோர்ஸ் மரத்துக்குள்ளேயே வைத்துவிடும். ஜிசிசியோடு சேர்ந்து அவையும் கட்டப்பட்டுவிடும். பழைய சிஸ்டத்தில் கட்டுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

சிஸ்டத்தில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துக் கட்டுமானத்துக்குத் தயார் செய்யும் ஸ்கிரிப்ட்தான் கான்ஃபிகர். அதை சோர்ஸ் ஃபோல்டருக்குள் நின்று ஓட்டக்கூடாது. வெளியே தனி ஃபோல்டர் ஒன்று போட்டு, அங்கிருந்து சோர்ஸில் உள்ள கான்ஃபிகரைக் கூப்பிட வேண்டும். ஏதாவது கெட்டுப்போனால் அந்த ஃபோல்டரை மட்டும் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம், சோர்ஸ் சுத்தமாக இருக்கும். எங்கே நிறுவ வேண்டும் என்று ப்ரிஃபிக்ஸ் கொடுக்காவிட்டால் யூஸர் லோக்கலில் போய் உட்காரும். நான் ஆப்ட் ஃபோல்டரின் கீழ் ஒவ்வொரு பதிப்புக்கும் தனி இடம் கொடுத்தேன். சிஸ்டத்தோடு வந்த கம்பைலரின் பக்கமே போகக்கூடாது. மொழிகளில் சி, சி ப்ளஸ் ப்ளஸ் இரண்டு மட்டும்.

மல்டிலிப் விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். 64 பிட் மெஷினில் ஜிசிசி இயல்பாகவே 32 பிட் நூலகங்களையும் சேர்த்துக் கட்டப் பார்க்கும். 32 பிட் ஜிலிப்சி சிஸ்டத்தில் இல்லையென்றால் கான்ஃபிகர் நின்றுவிடும். அந்தப் பிழைச் செய்தி எனக்கு ரொம்பப் பிடிக்கும். பொதுவாக இந்த ஸ்கிரிப்ட்டுகள் கிடைத்தது, கிடைக்கவில்லை என்று ஒற்றைச் சொல்லில்தான் பேசும். இது மட்டும் "உங்கள் சிஸ்டத்தில் 32 பிட் நூலகங்கள் இல்லை என்று நான் சந்தேகிக்கிறேன்" என்று தொடங்கி, இருந்தால் இப்படிச் செய்யுங்கள், இல்லாவிட்டால் மல்டிலிப்பை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள் என்று பொறுமையாகச் சொல்லும். எழுதிய ஆள் யாரோ நல்ல மனுஷர். எங்களுக்கு 32 பிட் தேவையில்லை, நிறுத்தியாயிற்று.

பிறகு மேக், கட்டுகிற வேலையை நடத்தும் கட்டளை. ஒரே நேரத்தில் நாலு வேலை பார் என்று சொல்லிவிட்டு, திரையில் வருகிற எழுத்தையெல்லாம் டீ என்ற கட்டளை வழியாக ஒரு லாக் ஃபைலிலும் விழ விட்டேன். இந்த லாக் முக்கியம். நாலு வேலை ஒரே சமயத்தில் ஓடும்போது ஒன்று விழுந்தாலும் மற்ற மூன்றும் கொஞ்ச தூரம் ஓடிவிட்டுத்தான் நிற்கும். திரையில் கடைசியாக நிற்பது வெறும் "எர்ரர் 2". உண்மையான காரணம் நூற்றுக்கணக்கான வரிகளுக்கு மேலே எங்கேயோ கிடக்கும். லாக்கில் முதலில் வந்த எர்ரரைத் தேட வேண்டும், கடைசியில் வந்ததை இல்லை. கான்ஃபிகர் தரப்பில் விழுந்தால் விவரம் கான்ஃபிக் லாக்கில் இருக்கும். ஜிசிசிக்குள் ஒவ்வொரு துணை ஃபோல்டருக்கும் தனித்தனி கான்ஃபிக் லாக் உண்டு, எந்த ஃபோல்டரில் விழுந்ததோ அதைத் திறக்க வேண்டும்.

மெமரி குறைவாக இருந்தால் 9.5இல் ஜிம்பிள் மேட்ச் என்ற ஃபைலில் மூச்சு முட்டும். அது இறக்கிய சோர்ஸில் இருக்காது. மேட்ச் பிடி என்று ஒரு விதிப்பட்டியல் இருக்கிறது: எக்ஸ் கழித்தல் எக்ஸ் என்றால் பூஜ்யம் என்பது மாதிரி சுருக்க விதிகள். அந்தப் பட்டியலைப் படித்து, கட்டுகிற நேரத்திலேயே ஒரு சின்னப் புரோகிராம் இந்தப் பெரிய ஃபைலை எழுதித் தள்ளும். அதை ஒரே மூச்சில் கம்பைல் செய்ய வேண்டும். மெமரி போதாவிட்டால் கர்னல் கம்பைலரைக் கொன்றுவிடும், "கில்டு" என்று ஒரு வார்த்தைதான் மிஞ்சும். கர்னலின் குறிப்புகளைக் காட்டும் டிமெஸ்கைப் பார்த்தால் மெமரி தீர்ந்த கதை தெரியும். டிஸ்க்கையே மெமரி மாதிரி பயன்படுத்தும் ஸ்வாப் ஃபைல் ஒன்று போட்டுவிட்டால் மெதுவாக ஊர்ந்தாவது கடந்துவிடும். புதிய பதிப்புகளில் இந்த ஃபைலைத் துண்டு துண்டாகப் பிரித்துவிட்டார்கள், 15இல் அந்த இடம் வந்ததும் தெரியவில்லை போனதும் தெரியவில்லை.

ராத்திரியெல்லாம் ஃபேன் இரைச்சலோடு ஓடிக்கொண்டிருந்தது. நைனாவுக்குத் தூக்கம் கெட்டது. எழுந்து வந்து பின்னால் நின்று பார்த்தார். கொருக்குப்பேட்டை லேத் பட்டறையில் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்தவர். ஓடுகிற எதைப் பார்த்தாலும் அது எதற்கு ஓடுகிறது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

"இன்னா பாப்பா, இத்தினி நேரமா ஓடினுகீது? இன்னா செய்து அது?"

"கம்பைலர் செய்யுது நைனா."

"அதான் ஏற்கனவே ஒண்ணு கீதுன்னியே."

"அது பழசு. பழசை வச்சு புதுசு செய்யுது."

"அப்புறம்?"

"அப்புறம் அந்தப் புதுசை வச்சு மறுபடியும் அதையே செய்யும். அதை வச்சு இன்னொரு தரம்."

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். ஆனால் ஜிசிசி உண்மையிலேயே அப்படித்தான் தன்னைக் கட்டிக்கொள்கிறது. முதல் கட்டத்தில் பழைய கம்பைலர் புதிய சோர்ஸை கம்பைல் செய்யும். வருவது புதுக் கம்பைலர்தான், ஆனால் அதன் உடம்பை உருவாக்கியது பழசு. பழசில் ஏதாவது பிழை இருந்தால் இதற்குள்ளும் இருக்கலாம். இரண்டாம் கட்டத்தில் அந்த முதல் கட்டக் கம்பைலரைக் கொண்டு அதே சோர்ஸை மறுபடி கம்பைல் செய்யும். இப்போது உடம்பும் புதுசு. மூன்றாம் கட்டத்தில் இரண்டாவதை வைத்து மூன்றாவது. இரண்டும் மூன்றும் ஒரே சோர்ஸ், ஒரே குணமுள்ள கம்பைலர்கள் உருவாக்கியவை. எனவே கம்பைல் செய்து வரும் துண்டுகளான ஆப்ஜெக்ட் ஃபைல்கள் பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கும். வேறுபட்டால் அங்கேயே நின்றுவிடும். செக்சம் ஃபைல் ஒன்றிரண்டு மட்டும் மாறும், அது எதிர்பார்த்ததே, எச்சரிக்கை மட்டும் வரும்.

இந்த மூன்று கட்ட வேலைக்குப் பெயர் பூட்ஸ்ட்ராப். அதை நிறுத்திவிட்டால் மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் முடியும், நடுப்படியான 9.5க்கு அது போதும் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு ஒப்பவில்லை. 4.8.5 அத்தனை பழசு என்பதால்தான் இந்த வேலையே. அதன் கைரேகை அடுத்த படியில் படியாமல் இருக்க இருக்கிற ஒரே துடைப்பம் இந்த மூன்று கட்டம். அதையும் நிறுத்திவிட்டால் என்ன மிச்சம்?

இதை நைனாவிடம் எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தேஞ்சுபோன லீட் ஸ்க்ரூ கீற லேத்துல புது ஸ்க்ரூவுக்கு மரை போட்டா, பழசோட தேய்மானம் புதுசுலயும் வந்து குந்திக்கும். அந்தப் புதுச மாட்டி இன்னொண்ணு கடைஞ்சாலும் அதே கதிதான். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா ஒண்ணாத்தான் இருக்கும். அளவு சரியான்னு பாக்க வெளியில இருந்து ஒண்ணு வோணும்."

சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். எனக்குத் தூக்கம் போய்விட்டது. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்ஸன் டூரிங் விருது வாங்கியபோது பேசிய பேச்சின் சாரமே அதுதான். 1984இல் அச்சில் வந்தது. கம்பைலருக்குள் ஒரு திருட்டு வேலையை வைக்கலாம்: லாகின் புரோகிராமை கம்பைல் செய்யும்போது அதில் ஒரு பின்வாசலைச் சேர்த்துவிடு, கம்பைலரின் சோர்ஸையே கம்பைல் செய்யும்போது இந்த இரண்டு வேலைகளையும் அதற்குள் சேர்த்துவிடு. அதற்குப் பிறகு சோர்ஸில் இருந்து அந்த வரிகளை அழித்துவிடலாம். சோர்ஸை எத்தனை பேர் படித்தாலும் ஒன்றும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு புதுக் கம்பைலரும் அதைச் சுமந்துகொண்டே பிறக்கும். நான் அவ்வளவு நம்பிய மூன்று கட்டமும் இதைப் பிடிக்காது. இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே மாதிரி கெட்டிருக்கும், ஒப்பீடு வெற்றி என்று வரும். சாதாரணப் பிழை கழுவப்படும். தன்னைத்தானே நகலெடுக்கத் தெரிந்த பிழை கழுவப்படாது.

நைனா கேட்ட அந்த "வெளியில இருந்து ஒண்ணு"க்கும் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். டேவிட் வீலர் என்பவர் 2009இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் விரிவாக எழுதினார். சம்பந்தமே இல்லாத வேறொரு கம்பைலரை எடுத்துக்கொண்டு, சந்தேகப்படுகிற கம்பைலரின் சோர்ஸை அதில் கம்பைல் செய்ய வேண்டும். வந்ததை வைத்து அதே சோர்ஸை இன்னொரு முறை. இப்போது கிடைப்பதும், சந்தேகக் கம்பைலர் தன்னைத்தானே கம்பைல் செய்துகொண்டதும் பைட் மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கேயோ உதைக்கிறது. கீக்ஸ் (Guix) என்ற லினக்ஸைச் செய்பவர்கள் வேறு பக்கத்தில் இருந்து வந்தார்கள். 357 பைட் அளவுள்ள ஒரு விதையில் தொடங்கி, படிப்படியாக சின்னச் சின்னக் கம்பைலர்களைக் கட்டி, பழைய ஜிசிசி, புதிய ஜிசிசி என்று மொத்த சிஸ்டத்தையும் சோர்ஸிலிருந்தே எழுப்பி 2023இல் காட்டினார்கள். 357 பைட் என்றால் ஒரு மனிதர் உட்கார்ந்து கண்ணால் படித்துவிடலாம். என் ஏணியின் கீழ்ப்படி அப்படிப்பட்டது அல்ல. 4.8.5ஐ யாரோ கட்டிக் கொடுத்தார்கள், நான் நம்பி வாங்கிக்கொண்டேன். "சோர்ஸிலிருந்து கட்டினேன்" என்று பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் 4.8.5 வந்து இறங்கிய அந்த ஆர்பிஎம் பேக்கேஜ் ஃபைல் ஞாபகத்துக்கு வருகிறது. க்ளாங் என்ற வேறொரு கம்பைலர் வழியாக ஒருமுறை 15ஐக் கட்டி, அதன் மூன்றாம் கட்டத்தையும் இதன் மூன்றாம் கட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறேன். அதே பெயருள்ள ஃபோல்டரில், அதே கான்ஃபிகர் ஆப்ஷன்களோடு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஃபோல்டர் பெயர் உள்ளே பதிந்து வித்தியாசம் காட்டும்.

9.5 முடிந்ததும், சிஸ்டம் கட்டளைகளைத் தேடும் பாத் பட்டியலில் அதை முன்னால் வைத்துக்கொண்டு, முதலில் பைனியூட்டில்ஸைக் கட்டினேன். கம்பைலர் எழுதித் தருவதை மெஷின் கட்டளையாக்கும் அசெம்பிளரும், துண்டுகளை இணைக்கும் லிங்கரும் அதில்தான் இருக்கின்றன. சென்ட்ஓஎஸ் 7இன் அசெம்பிளரும் லிங்கரும் 2.27. புதுக் கம்பைலர் உமிழும் கட்டளைகள் சில பழைய அசெம்பிளருக்குப் புரியாமல் போகலாம். அந்த வம்பு வேண்டாம். அதன் பிறகு 15, மறுபடி அதே சடங்கு: ப்ரீரெக்விசிட்ஸ், தனி ஃபோல்டர், கான்ஃபிகர், மேக். நடுவில் தெருவில் கரண்ட் போய் வந்தது. இன்வெர்ட்டர் தாங்கியது. தாங்காவிட்டாலும் மேக் விட்ட இடத்தில் இருந்து தொடரும், பாதி எழுதப்பட்ட ஃபைல் ஏதாவது இருந்தால் அதை மட்டும் அழிக்க வேண்டும்.

தம்பியின் புரோகிராம் கம்பைல் ஆனது. இம்போர்ட்டுக்கு, எஸ்டிடி மாட்யூலை முன்கூட்டியே தனியாக ஒரு தரம் கம்பைல் செய்து வைக்க வேண்டும், தானாக நடக்காது. சர்வரில் கொண்டுபோய் ஓட்டினால் "ஜிலிப் சிஎக்ஸ்எக்ஸ் 3.4.32 கிடைக்கவில்லை" என்று வரும் என்பது எதிர்பார்த்ததுதான். சி நூலகம் பொருந்தினாலும், சி ப்ளஸ் ப்ளஸ் நூலகம் அங்கே 4.8 காலத்தது, 3.4.19ஓடு நிற்கும். லைப்ரரி பாத்தை எல்லோருக்கும் மாற்றிவிடுவது ஒரு வழி. நான் அதைச் செய்ய மாட்டேன். பில் போடுகிற மென்பொருளும் அதே நூலகத்தைத்தான் தேடும், அதன் கையில் புதுசு சிக்கினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. லிங்க் செய்யும்போதே எல்ஐபி எஸ்டிடி சி ப்ளஸ் ப்ளஸையும் எல்ஐபி ஜிசிசியையும் ஸ்டாட்டிக்காகப் புரோகிராமுக்குள்ளேயே சேர்த்துவிட்டேன். ஃபைல் கொஞ்சம் குண்டாகும். ஆனால் சர்வரில் கம்பைலரும் ஏற்ற வேண்டாம், நூலகமும் ஏற்ற வேண்டாம். ஒரே ஒரு ஃபைல், போட்டதும் ஓடியது. மண்ணடி ஸ்டேஷனில் இறங்கி ஆபீஸுக்குள் நுழைவதற்குள் தம்பி போன் போட்டுவிட்டான்.

கம்பைலர் கையில் இருக்கும்போது சும்மா இருக்க முடியுமா? தமிழில் ஒரு வேரியபிள் வைத்துப் பார்த்தேன். காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு வேறென்ன பெயர் தோன்றும்? வஞ்சிரம். பழைய 4.8.5 இதைப் பார்த்ததும் 340, 256, 265 என்று வரிசையாக "வழிதவறி வந்த எழுத்து" என்று புலம்பும். "வ" என்ற ஒரே எழுத்துக்கு மூன்று பிழை, ஏனென்றால் எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும், எழுத்தோ புள்ளியோ துணைக்குறியோ, மூன்று பைட், அவற்றை எட்டை அடிமானமாகக் கொண்ட எண்களில் சொல்கிறது. எந்தத் தமிழ் எழுத்தை எழுதினாலும் முதல் பைட் 340தான். 9.5உம் அதே புலம்பல். 2020இல் வந்த ஜிசிசி 10இல்தான் இப்படி நேரடியாக எழுதுவதை ஏற்றுக்கொண்டார்கள். இத்தனைக்கும் சி99 தரநிலையின் பின்னிணைப்பிலேயே, பெயர்களில் வரலாம் என்ற பட்டியலில், தமிழ் எழுத்துகளும் புள்ளியும் உண்டு.

15 ஒரு வார்த்தை பேசாமல் கம்பைல் செய்தது. வேண்டுமென்றே அடுத்த வரியில் செமிகோலனை விட்டுப் பார்த்தேன். பிழைச் செய்தியில் வஞ்சிரம் என்று அழகாகவே அச்சானது. கீழே சுட்டிக்காட்டுகிற அம்புக்குறி மட்டும் ஓரிரு இடம் தள்ளி நின்றது. அது கம்பைலரின் வேலையா, என் டெர்மினல் புள்ளியையும் இகரக் குறியையும் தனி எழுத்தாக எண்ணுகிறதா என்று இன்னும் பார்க்கவில்லை. வேறு டெர்மினலில் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.